பத்தொன்பதாவது மாடியில் ஒரு தெரு

போன டிசம்பர் மாதம் நடந்தது இது. திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி புதிதாக எழும்பியிருக்கும் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில், பத்தொன்பதாவது மாடியில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நானும் என் மனைவியும் குடிபோயிருந்த நேரம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் பாதிதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இன்றைக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எனக்கு இரண்டு குடோன் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், எதற்குப் பொய்? என் கைக்கு ஒரு வித்தை உண்டு. எந்தக் கம்பியையும் கையில் வாங்கி இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்தால் போதும், எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். தராசில் வைத்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். இதில் என்னிடம் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் மார்க்கெட்டில் இன்னும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் சொந்த வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மூன்று மாடி, நானே நின்று கட்டியது. ஆனால் லாரித் தூசி. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து ஆலை நெடி வேறு. என் மனைவி கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தத் தூசிக்குள் நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டேன். கல்யாணமான புதிதில் ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன். "த பாருமே, ஒரு நாளைக்கு நீ படுக்கையில படுத்துகினே கடலு பாக்கற மாதிரி ஒரு வூட்டுக்கு உன்ன இட்டுகினு போறேன்." அவள் அன்றைக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் இந்த வீடு. "வாங்கிடலாமே நைனா, எதுக்கு வாடகை?" என்று பெரிய மகன் கேட்டான். கையில் தூக்கிப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. பதினொரு மாதம் இருந்து பார்ப்போம், அம்மாவுக்குப் பிடித்தால் வாங்குவோம் என்றேன்.

வீட்டை முதலில் பார்க்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. லிப்ட் ஏறுவதே தெரியவில்லை. காது மட்டும் லேசாக அடைத்தது. கதவைத் திறந்ததும் எதிரே சுவர் இல்லை. தரையில் இருந்து உச்சி வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தாண்டை முழுக்கக் கடல். கடலும் வானமும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்றே தெரியவில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் எல்லாம் வானத்தில் மிதப்பது போல நின்றன. கீழே ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்தன, சத்தமே இல்லை. நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் ஊறிய காது என்னுடையது. அந்த அமைதியில் நான் தூங்கிக்கொண்டே நிற்கிறேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது. தூணைத் தட்டிப் பார்த்தேன். "இந்தக் கட்டடத்துக்குக் கம்பி நம்ம குடோன்ல இருந்தும் போயிருக்குது" என்று தரகரிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

குடிபோன அன்று பால் காய்ச்ச வேண்டும். அடுப்பு என்ற பெயரில் ஒரு கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது, நெருப்பே கிடையாது. எங்கள் அலுமினியப் பாத்திரத்தை வைத்தால் அது பீப் என்று கத்தி அணைந்துபோனது. மூன்று தடவை வைத்தோம், மூன்று தடவையும் கத்தியது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "இரும்பு வெச்சிப் பாருமே" என்றேன். மூட்டையில் இருந்து பழைய இரும்புச் சட்டியை எடுத்து வைத்தோம். உடனே ஏற்றுக்கொண்டது. எனக்கு ஒரே குஷி. "பாத்தியா, பணக்காரன் வூட்டு அடுப்பு கூட நம்ம சரக்கத்தான் கேக்குது!" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். பால் கொஞ்சம் பழுப்பாகத்தான் பொங்கியது. பரவாயில்லை, பொங்கியது.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியின் பக்கம் ஒரே ஒரு தடவை வந்தாள். பால்கனிக் கதவைத் திறக்காமல், கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு கீழே கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கற்களைப் பார்த்தாள். அப்புறம் கடலைப் பார்த்தாள். பின்னர் திரும்பி வந்து ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்கினாள். அங்கே திரைச்சீலைக்கும் ரிமோட் உண்டு. திரை வந்து கடலை மெதுவாக மூடிவிட்டது.

வெயில் கூசுகிறது போல என்று நினைத்தேன். மறுநாள் நான் திறந்தேன், அவள் மூடினாள். தினமும் இதே கதை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் திரை மூடியிருக்கும். அவள் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள்.

"இன்னாமே பேஜாரா கீது உன்னோட? கடல பாக்கத்தானே இம்மாந்தூரம் ஏறி வந்தோம்?"

"நீ பாரு. உன்ன யாரு வேணாம்னது?"

"நீ பாக்கணும்னுதானே எடுத்தேன்!"

"என்னியக் கேட்டா எடுத்த?" என்றாள். அடுத்த பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, குடியிருப்போர் எல்லாரும் கூடிக் கேக் வெட்டும் நிகழ்ச்சி கட்டடத்தின் மூன்றாவது மாடி ஹாலில் நடந்தது. பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள், மெத்தப் படித்த பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தன்மையான மனிதர். அவர்தான், "ஐயா, நீங்க இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தானே நான் காத்திருப்பது! கல்யாண வீடு, காது குத்து, யூனியன் கூட்டம் என்று நான் அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. அங்கேயும் எழுந்து நின்று சொன்னேன்.

என் வாலிப வயதில் ஒரு வருடம் கடல் உள்ளே வந்தது. புயல் கியல் ஒன்றும் இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டே வந்தது. கரையோரத் தெருக்கள் ஒவ்வொன்றாகப் போயின. அப்போதெல்லாம் அலை வாசலுக்கு வந்துவிட்டது என்றால் வீட்டுக்காரர்களே வீட்டைப் பிரிப்பார்கள். கதவு, நிலை, ஓடு எல்லாவற்றையும் தலையில் சுமந்து போய்விடுவார்கள். சன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும்தான் சுமக்க முடியாமல் கிடக்கும். நான் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். தராசு கூடக் கிடையாது. கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லி வாங்கினேன். அதுதான் என் முதல். கதையின் முடிவில் எப்போதும் ஒரு வசனம் வைப்பேன். அன்றும் வைத்தேன்.

"ஊரே குந்திகினு அழுவுது. நான் மட்டும் வண்டிய தள்ளிகினு போறேன். கடலு மத்தவங்ககிட்ட எடுத்துச்சு, எனக்குக் குடுத்துச்சு!"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் பெருமையோடு திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. பாதி தின்ற கேக்கோடு தட்டு மட்டும் இருந்தது.

மேலே போனபோது அவள் சமையலறையில் இருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "மாதா கோயில் புது வருஷப் பூசைக்கு நான் நம்ம வூட்டுல இருந்துதான் போவேன். இங்க இருக்க மாட்டேன். நீ வேணா இரு."

கல்யாணம் ஆன நாளில் இருந்து, பிரசவத்துக்குப் போனதைத் தவிர, அவள் என்னை விட்டு ஒரு ராத்திரி கூட இருந்ததில்லை. எனக்குப் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது வெளியே கோபமாகத்தான் வரும். "கடலையே வாடகைக்கு எடுத்துக் குடுத்துகிறேன். கரையில பொறந்தவளுக்குக் கடலு கசக்குதா?" என்று கத்தினேன். இன்னும் ஒன்றிரண்டு சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம். அவள் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் துணிப்பை ஒன்றைக் கட்டி வாசல் கதவோரம் வைத்தாள். இரண்டு நாள் அந்தப் பையைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போய் வந்தேன்.

மூன்றாம் நாள் காலை. விடிந்திருந்தது, ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அறை முழுக்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை. பக்கத்தில் கையைப் போட்டேன், அவள் இல்லை. எழுந்து ஓடினேன். பை கதவோரமே இருந்தது. உயிர் வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், திரை முழுக்கத் திறந்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தாண்டை ஒன்றுமே இல்லை. கடல் இல்லை, கப்பல் இல்லை, ரோடு இல்லை. அப்படி ஒரு பனிமூட்டம். நாங்கள் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டார் மட்டும் அந்த வெள்ளைக்குள் மங்கலாகச் சிவந்து தொங்கியது. என் மனைவி பால்கனியில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். முதல் தடவையாக வெளியே வந்து நிற்கிறாள்!

நான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றேன். கைப்பிடி எல்லாம் ஈரம். காலுக்குக் கீழே வீடு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது, மாடு கத்துவது போல. மறுபடி அமைதி.

"இப்பதான் நல்லா தெரியுது" என்றாள்.

"இன்னா தெரியுது? ஒன்னியும் காணோமே."

அவள் கையை நீட்டினாள். "தோ, என் கைக்கு நேரா. அங்கதான் குழாயடி. அதுக்கு இந்தாண்ட புட்டு விக்கிற அத்த வூடு. விடிகாலையில இந்த மாதிரிதான், ஆவியா இருக்கும் தெருவே. அத்தாண்ட மாதா செல வெச்ச கெபி. கெபியத் தாண்டி மூணாவது எங்க வூடு. ரெண்டு படி ஏறணும். கீழ்ப்படி ஒடஞ்சிருக்கும், பாத்துக் காலு வெய்யி."

நான் பனியைப் பார்த்தேன். ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தெரு தெரிந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக ஓட்டுக் கூரைகள், குழாயடியில் வரிசையாகக் குடங்கள், வலையை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகள். அவள் கை போன பக்கம் எல்லாம் ஒவ்வொரு வீடாக முளைத்தது. நடந்தே போய்விடலாம் போல இருந்தது. பத்தொன்பதாவது மாடியில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டேன்.

"சமையக்கட்டு சன்னலுக்கு நாலு கம்பி, ஒரு சட்டத்தோட" என்றாள். "எங்கம்மா அதுலதான் செபமாலய மாட்டி வெப்பாங்க. அல வாசலுக்கு வந்த அன்னிக்கு எங்கப்பா சன்னலப் பேத்து வெளிய போட்டாரு. ஒருத்தன் மீன்பாடி வண்டிய தள்ளிகினு வந்தான்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"சன்னல ரெண்டு கையால தூக்கினான். ரெண்டு வாட்டி ஆட்டினான். பதினோரு கிலோன்னான்."

பதினொரு கிலோ. நாலு கம்பி, பட்டைச் சட்டம், ஒரு மூலையில் துரு. அந்தச் சன்னல் எனக்கு நினைவிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் உள்ளங்கைக்கு அந்த எடை தெரிந்தது. ஆனால் அந்த வாசலில் யார் நின்றார்கள் என்று எவ்வளவு யோசித்தும் ஒரு முகம் கூட வரவில்லை.

"அங்க... நீ இருந்தியா?"

"கெபிப் படியில குந்திகினு இருந்தேன். செபமால கம்பியிலேயே சுத்திகினு இருந்துச்சு. எல்லாரும் அத மறந்துட்டாங்க. நீதான் பாத்த. பிரிச்சி எடுத்து என் கையில குடுத்துட்டு வண்டிய தள்ளிகினு போயிட்ட. என் மூஞ்சக் கூட நீ பாக்கல."

அவள் வீட்டைக் கடல் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். பெண் கேட்டுப் போனபோது அவர்கள் காசிமேட்டில் உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெரு, எந்த வீடு என்று நான் கேட்டதே இல்லை. அவள் மட்டும் என்னை அன்றைக்கே அடையாளம் கண்டிருக்கிறாள்.

"அப்பவே சொல்லக் கூடாதா? என்னிய வேணான்னு சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு வேணாம்? மத்த வண்டிக்காரனுங்க பதினோரு கிலோவ எட்டுன்னானுங்க. இவன் கையி பொய் சொல்லல, இவனுக்கே கட்டிக் குடுன்னு எங்கப்பாதான் சொன்னாரு." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீ வாங்கலன்னா கடலு வாங்கியிருக்கும். கம்பிய வாங்கினதுக்கு நான் ஒரு நாளும் கோவப்படலய்யா. ஆனா நாப்பது வருஷமா அத சிரிச்சிகினே சொல்ற பாரு. ஊரே குந்திகினு அழுதுச்சுன்னு. அந்த ஊரு நாங்கதான்."

  "வா, நம்ம வூட்டுக்கே போயிடலாம். இப்பவே போலாம். பைய நான் தூக்கியாறேன்" என்றேன்.

அவள் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சின்ன மரமணிச் செபமாலை. மணிகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தன. அவள் தினமும் உருட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை.

"எவ்ளோ இருக்கும், சொல்லு?" என்றாள்.

என்ன சொல்ல! பழக்க தோஷம். என் கை தானாகவே இரண்டு தடவை மேலும் கீழும் அசைந்துவிட்டது. "இருபது கிராம் கூட வராது" என்று வாயும் சொல்லிவிட்டது.

அவள் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சாவுற வரிக்கும் நீ திருந்த மாட்ட" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். பனி என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு கீழே எங்கோ ஒரு விசைப்படகின் சத்தம் கேட்டது. அந்த வெள்ளை அங்கங்கே கிழிந்தது. குழாயடி இருந்த இடத்தில் ஒரு கப்பலின் மூக்கு தெரிந்தது. கெபி இருந்த இடத்தில் தண்ணீர் மின்னியது. தெரு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் கடலுக்குள் போனது. அவள் ரிமோட்டைத் தேடப் போகிறாள், இப்போது உள்ளே போய்விடுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழுக் கடலும் தெரிகிற வரைக்கும் நின்றாள்.

"போய் டீ போடு" என்றாள்.

அதுவரை நான் டீ கூடப் போட்டதே கிடையாது. எந்தப் பாத்திரத்தை அந்த அடுப்பு ஏற்கும் என்று தெரியாமல் எனக்குத் தெரிந்த இரும்புச் சட்டியையே வைத்தேன். டீ தார் மாதிரி கறுத்துப்போனது. இரும்பில் டீ போடக் கூடாதாம், அப்புறம் சொன்னாள். ஆனால் அன்றைக்கு முகத்தைச் சுளிக்காமல் முழு டம்ளரையும் குடித்தாள்.

பையை அவளே பிரித்தாள். புது வருடப் பூசைக்கு இந்த வீட்டில் இருந்தேதான் இரண்டு பேரும் போனோம். இப்போது ஒப்பந்தத்தை இன்னொரு பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். வாங்கவில்லை. "கடலு பக்கத்துல வாடகைக்குத்தான் இருக்கணும், சொந்தம் கொண்டாடக் கூடாது" என்கிறாள். திரை சில நாள் திறந்திருக்கும், சில நாள் மூடியிருக்கும். ரிமோட் அவளிடம்தான்.

நான் பெருமை பேசுவதை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது என்னோடுதான் போகும். பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் கூட, "ஐயா, அந்தக் கடல் கதையை என் மருமகனுக்கு ஒருமுறை சொல்லுங்களேன்" என்று கேட்டார். இப்போதெல்லாம் யார் அதைக் கேட்டாலும், வாயைத் திறப்பதற்கு முன் அந்தக் கூட்டத்தில் கெபிப் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு சுற்று முகங்களைப் பார்க்கிறேன். பார்த்து முடிப்பதற்குள் அந்தக் கடைசி வசனம் எனக்கு மறந்துபோகிறது.